கிள்ளானுக்குப் போன பிடில் பெட்டி

கப்பலை விட்டு இறங்கியதும் சுங்கத்துக்காரர் என்னைப் பார்க்கவில்லை. என் கையிடுக்கைப் பார்த்தார். அங்கே கம்பளி சுற்றிய ஒரு பெட்டி இருந்தது. உள்ளே என்ன என்று மலாயில் கேட்டார். பக்கத்தில் நின்ற தமிழ்க் கூலிக்காரர் எடுத்துச் சொன்னார். ஒன்றுமில்லை என்றேன். உண்மையும் அதுதான், அது காலிப் பெட்டி. காலிப் பெட்டிக்குக் கம்பளி போர்த்திக் கடல் தாண்டி வருகிற ஆளை அவர் அதுவரை கண்டதில்லை போலும். பிரிக்கச் சொன்னார். பிரித்து மூடியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் பதித்திருந்த கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. மீசையை ஒரு பக்கம் சரி செய்துகொண்டு, போகலாம் என்று கை காட்டினார்.

நான் மெட்ராஸ் பெரியமேட்டில் பெட்டி செய்கிறவன். சங்கீத வித்வான்களுக்குப் பிடில் பெட்டி செய்வதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. கொஞ்சம் என்று சொல்வது அடக்கத்துக்காக. இந்தப் பெட்டியைச் செய்யச் சொன்னவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே தலைமைக் குமாஸ்தாவாக இருக்கும் வைத்தியலிங்கம் பிள்ளை. மகள் அன்னபூரணிக்குக் கல்யாணம். அவள் பிடில் வாசிப்பவள். பெட்டியைத் தபாலில் அனுப்பினால் மூலை நசுங்கும், நேரில் கொண்டுவந்து கொடும் என்று எழுதிவிட்டார். ஊர் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று கிளம்பிவிட்டேன்.

பிள்ளை கேட்டதெல்லாம் பெட்டியில் இருந்தது. சந்தன வேம்பில் உடல், அதன்மேல் ஈட்டி மரத் தகடு, நாலு மூலைக்கும் வெள்ளிப் பூண், உள்ளே மயில் கழுத்து நிறத்தில் வெல்வெட். வில்லைப் பிடித்துக்கொள்ள இரண்டு கிளிகள் செதுக்கியிருந்தேன். தலைப்பக்கம் வில்லுக்குத் தடவும் பிசின் வைக்க ஒரு சின்ன அறை. அதன் மூடியில் சிப்பியால் ஒரு தாமரை. இது போதாதென்று கடைசியில் கண்ணாடியும் வேண்டும் என்று எழுதினார். பிடில் என்ன பொட்டு வைத்துக்கொள்ளப் போகிறதா என்று என் வீட்டுக்காரி கேட்டாள். மலாய் நாட்டுக்குப் போன தமிழனுக்கு ஆடம்பரம் கூடிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கு என் சிற்றப்பா மகன் காசிம் வந்திருந்தான். பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். இரண்டு பேரும் ஒரு ரிக்‌ஷாவில் ஏறினோம். ஏறிய கையோடு மழை. மெட்ராஸில் மழை வருவதற்கு முன்னால் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசுவோம், வானத்தைப் பார்ப்போம், வரவில்லை என்று திட்டுவோம். இங்கே அது சொந்தக்காரன் மாதிரி சொல்லாமல் வந்து விடுகிறது. ரிக்‌ஷாவின் மூடாக்கில் பெட்டி இருந்த பக்கம் ஒரு கிழிசல். பெட்டியை உலர்ந்த பக்கம் தள்ளிவிட்டுக் கிழிசலுக்கு நேரே நான் உட்கார்ந்துகொண்டேன். வண்டியிழுத்த சீனர் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்னடா சொல்றான்?" என்று காசிமைக் கேட்டேன்.

"இந்தப் பெட்டிகிட்ட நீ எவ்வளவு காலமா வேலை பாக்குறேன்னு கேக்கிறான்."

அன்று இரவு காசிம் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தான். தேங்காய்ப்பால் விட்டிருந்தான். கறிக்குத் தேங்காய்ப்பாலா என்று முகத்தைச் சுளித்துவிட்டு மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளை வீட்டுக்குப் போனேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. எது பிள்ளை வீடு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வாழைமரம் கட்டிப் பந்தல் போட்டிருந்தது. பிள்ளை கறுப்புக் கோட்டும் பஞ்சகச்சமுமாக வாசலுக்கே வந்து, "வாங்க ராவுத்தரே, வாங்க" என்று அழைத்தார். குவார்ட்டர்ஸ் வரிசையே உள்ளே கூடிவிட்டது. நான் கம்பளியைப் பிரித்தேன். அவசரப்படாமல்தான் பிரித்தேன். ஒவ்வொரு மூலை வெளியே வரும்போதும் ஒரு 'அடேயப்பா' கேட்டது. இத்தனை தூரம் கடல் கடந்து வந்ததற்கு அது போதும் என்றிருந்தது.

பிள்ளை உள்ளே போய்ப் பிடிலை எடுத்துவந்து பெட்டியில் வைத்தார். அது உட்காரவில்லை. சற்றுச் சாய்த்து வைத்தார். அப்போதும் உட்காரவில்லை. நான் வாங்கி வைத்துப் பார்த்தேன். அகலத்தில் மெத்தை கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. நீளத்தில் மரம் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு விரற்கடை அளவுக்குப் பிடிலின் தலை பிசின் அறையின் தடுப்பில் இடித்துக்கொண்டு நின்றது. சற்று முன் அடேயப்பா சொன்னவர்கள் தொண்டையைச் செருமினார்கள்.

"அளவு நீங்க அனுப்பினதுதான், பிள்ளைவாள்" என்றேன்.

அளவு வந்தது நூலில். முடிச்சுப் போட்டு, இது நீளம், இது இடுப்பு என்று உறையில் வைத்து அனுப்பியிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நூலை மடியிலேயே வைத்திருந்தேன். எடுத்துப் பிடிலின்மேல் வைத்துப் பார்த்தால், நூலும் விரற்கடை குறைந்தது. பிள்ளைக்கு முகம் சிவந்தது. தானே கையால் அளந்ததாகச் சாதித்தார். அப்போது கதவோரத்தில் நின்ற அவர் மனைவி, "கல்யாணத்துக்குச் செய்யிற பெட்டி. வெறும் நூலாவா அனுப்புறதுன்னு மஞ்சத் தண்ணியில நனைச்சுக் காய வச்சேன்" என்றார்.

பருத்தி நூலை நனைத்துக் காயவைத்தால் சுருங்கும் என்பது ஒரு தையற்காரப் பயலுக்குக்கூடத் தெரியும். அந்த இடத்தில் அதைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. மஞ்சள் ஏன் தடவினாய் என்று கல்யாண வீட்டில் எவன் கேட்பான்? பிள்ளை என்னைப் பார்த்தார், நான் நூலைப் பார்த்தேன். மஞ்சளாக வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். வரவில்லை. அளவு கொஞ்சம் குறைகிறதே, பெண்பிள்ளை வாசிப்பதாயிற்றே, சின்னப் பிடிலாக இருக்கும் என்று நானே காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

"பெட்டி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா என்ன, வேற சாதாரணப் பெட்டி ஒண்ணு இங்கேயே வாங்கிக்கலாம்" என்று கூட்டத்தில் ஒருவர் சமாதானம் சொன்னார். பிள்ளை என் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார். தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டு பேசினார்.

கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் சம்பந்தம். பையன் நல்லவன். பெண் பார்க்க வந்தபோது அன்னபூரணி வாசித்தாளாம். சம்பந்தியம்மா கேட்டுவிட்டு, நல்லா வாசிக்குது, கல்யாணத்துக்கு அப்புறம் பிடிலைப் பத்திரமா பரண்மேல வச்சிரலாம், பேரப்பிள்ளைக்கு ஆகும் என்றாராம். அன்றிலிருந்து பெண் பிடிலைத் தொடுவதில்லை.

"அவங்க கெட்டவங்க இல்ல, ராவுத்தரே. குடும்பப் பொண்ணுக்குப் பிடிலு எதுக்குன்னு நினைக்கிறாங்க, அவ்வளவுதான். நான் சண்டை போட முடியுமா? அதுக்குத்தான் இந்தப் பெட்டி. சாதாரணப் பெட்டின்னா பரணுக்குப் போயிடும். வெள்ளிப் பூணு போட்ட பெட்டியை எந்தப் பொம்பளையாவது பரணுக்கு அனுப்புவாளா? கூடத்துல வச்சு நாலு பேருக்குக் காட்டுவா. பெட்டி கூடத்துல இருந்தா பிடிலும் கூடத்துல இருக்கும். எம்பொண்ணு கண்ணுல படும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கண்ணாடி கேட்டதற்கு இவரை என்னென்ன கேலி செய்திருப்பேன்! கல்யாணம் வெள்ளிக்கிழமை. அதற்குள் சரி செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் உளி ஒன்றுகூட என்னிடம் இல்லை. முடிந்த பெட்டிக்கு உளி எதற்கு என்ற கர்வத்தில் எல்லாவற்றையும் பெரியமேட்டிலேயே விட்டு வந்திருந்தேன்.

புதன்கிழமை காசிம் என்னைச் செங்கல் சூளைப் பக்கம் ஒரு சீனத் தச்சரிடம் கூட்டிப்போனான். மேசை நாற்காலி செய்கிறவர். அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. காசிம் மலாயில் இரண்டு வார்த்தை சொன்னான். அவர் "போலே" என்றார். ஆகட்டும் என்று அர்த்தமாம். உளி கொடுத்தார். அவருடைய இழைப்புளியை மட்டும் என் கை ஏற்கவில்லை. எனக்கு நேராக வருவது அதில் கோணலாக வந்தது. அவர் மனைவி ஒரு கிண்ணத்தில் பாலில்லாத, சர்க்கரையில்லாத தேயிலைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பசை கரைக்க வெந்நீர் என்று நினைத்து அதில் பசையைப் போடப் போனேன். தச்சர் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு, மூச்சு முட்டும்வரை சிரித்தார்.

பெட்டியை நீட்ட முடியாது. வழி ஒன்றுதான் இருந்தது, அது எனக்கு முதல் நாளே தெரியும். பிசின் அறையின் தடுப்பை வெட்டி எடுத்துவிட்டு, பிடிலின் தலை அந்த அறைக்குள் போய்ப் படுக்கும்படி குடைய வேண்டும். அறையின் மூடியோடு தாமரையும் போகும். ஒரு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு இழைத்த தாமரை. உளியை வைத்துவிட்டு எடுத்தேன், மறுபடி வைத்தேன். தச்சர் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெட்டுகிறாயா, இல்லை நான் வெட்டட்டுமா என்று சைகையில் கேட்டார். நானே வெட்டினேன். சாயந்தரம் அந்தத் துக்கத்தில் காசிமோடு உட்கார்ந்து டுரியான் பழம் ஒன்றை முழுவதுமாகத் தின்றேன். அதன் நாற்றத்தைப் பற்றி எல்லோரும் சொல்வது சரிதான். ருசியைப் பற்றிச் சொல்வதும் சரிதான். அப்படியே பெட்டியைக் கொடுக்கப் போனதில் கல்யாண வீட்டில் எனக்குப் பந்தலுக்கு வெளியே, காற்று வரும் இடமாகப் பார்த்து நாற்காலி போட்டார்கள்.

பிடில் இந்தத் தடவை சுகமாகப் படுத்துக்கொண்டது. பிள்ளை மூடியை மெல்லச் சாத்தி, பெட்டியைத் தடவிக் கொடுத்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமையற்காரரைப் பிடித்து வந்திருந்தார்கள். அந்த மாதிரி மோர்க்குழம்பை நான் மெட்ராஸில்கூடச் சாப்பிட்டதில்லை. மறுநாள் பெண்ணைக் கிள்ளானுக்கு ரயிலில் அழைத்துப் போனார்கள். மறுவீட்டு அழைப்பு வரும்வரை பெண்ணைப் பெற்றவர் அந்த வாசல் மிதிக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் பிள்ளை ஸ்டேஷனோடு நின்றுகொண்டு, பெட்டி நசுங்காமல் போக வேண்டும் என்று என்னை வண்டியில் ஏற்றிவிட்டார்.

வழியில் தண்டவாளத்தின்மேல் எருமைகள் படுத்துவிட்டன. ரயில் ஊதிற்று. அவை காதை ஆட்டின. டிரைவர் இறங்கிப் போய் அவற்றோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த அன்னபூரணி முதல் தடவையாக என்னோடு பேசினாள்.

"இதுக்குப் பூட்டு இருக்கா, மாமா?"

"இருக்கு, தாயி. நல்ல பூட்டு."

"சாவி யாருகிட்ட இருக்கும்?"

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அவளிடம் நீட்டினேன். அவள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பெரியவர்களிடமே கொடுத்துவிடுங்கள் என்று திருப்பித் தந்துவிட்டாள்.

கிள்ளானில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. சம்பந்தியம்மா ஆரத்தி எடுத்து முடித்ததும் பெட்டியைப் பார்த்தார். கிட்டே வந்து வெள்ளிப் பூணைத் தொட்டார். மூடியைத் திறந்து கண்ணாடியில் நெற்றிக் குங்குமத்தைச் சரி செய்துகொண்டார். பிறகு என்னிடம் கை நீட்டினார். நான் சாவியைக் கொடுத்தேன். அதை இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். அன்னபூரணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரிக்பீல்ட்ஸ் திரும்பியதும் இதைப் பிள்ளையிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பெட்டி நசுங்காமல் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் சொன்னேன். கப்பல் வர நாலைந்து நாள் இருந்தது. அவர் கண்ணில் படாமல் காசிம் கடையில் பின்பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டே பொழுதைப் போக்கினேன். சீனன் கடைக் கோப்பியும் பழகிவிட்டது. கறுப்பாக, கெட்டிப் பாலை அடியில் ஊற்றித் தருகிறார்கள். கலக்கினால் ஒரு ருசி, கலக்காவிட்டால் வேறு ருசி. நம் ஊர்க் காப்பிக்கு ஈடாகுமா என்று தினமும் மூன்று வேளை குடித்துப் பார்த்தேன்.

நான் ஊருக்குக் கிளம்பிய வியாழக்கிழமை பிள்ளை தம் ரயில்வே பாஸை எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டார். துறைமுகத்துக்குப் போகிற வழியில்தான் கிள்ளான். நான் அங்கே இறங்கி, ஊருக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளும் சாக்கில் வீட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும், அவர் ஸ்டேஷன் பெஞ்சில் காத்திருப்பார். பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்து வந்து சொன்னால் போதுமாம். கறுப்புக் கோட்டும் குடையுமாக அவரை அங்கே உட்காரவைத்துவிட்டுப் போனேன். பரணில் இருந்தால் என்ன சொல்வது என்று நடந்தபடியே யோசித்தேன்.

தெருவில் திரும்பும்போதே பிடில் சத்தம் கேட்டது. எனக்கு நடை தானாக நின்றுவிட்டது.

சம்பந்தியம்மா கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார். வாங்க என்று உள்ளே அழைத்தார். கூடத்தின் நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் என் பெட்டி, பெட்டிமேல் ஒரு முழம் மல்லிகை. சுவரோரம் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த அன்னபூரணி என்னைப் பார்த்ததும் எழுந்து, பிடிலைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள். ஆணியில்! வெள்ளிப் பூண் போட்ட பெட்டி பக்கத்திலேயே இருக்க, பிடிலை ஆணியில் மாட்டுகிறாளே என்று எனக்குப் பதறியது. சம்பந்தியம்மா இடுப்புச் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே பட்டுச் சேலைகள். பிடிலின் இடுப்புக்காக நான் வளைத்த வளைவில், அதே வளைவாக மடித்து அரக்குப் பட்டு ஒன்று. கிளிகளின் வாயில் ஒரு ஜரிகைத் துண்டு. தாமரையை வெட்டி நான் அழுதுகொண்டே குடைந்த இடத்தில் வெற்றிலையும் பாக்கும்.

"பட்டு வைக்க இப்படி ஒரு பெட்டி எத்தனை நாளாத் தேடினேன் தெரியுமா, ராவுத்தரே? இங்க மழைக்கு எல்லாம் பூஞ்சை புடிச்சுப் போவுது. உங்க பெட்டியில ஒரு பொட்டு ஈரம் இல்ல."

"அம்மா, இது பிடில் பெட்டி" என்றேன்.

"தெரியுது. பிடிலுதான் ஆணியில இருக்கே."

"பரண்மேல வைக்கப் போறதா..."

"பரணுல எலி. பெட்டி இல்லாம மேல வச்சா நரம்பைக் கடிச்சிப்புடாது?" ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "கூடத்துல தொங்குறதைப் பாத்துட்டு, வர்றவங்க எல்லாம் வாசிம்மா வாசிம்மாங்கிறாங்க. இவளும் வாசிக்கிறா. கடைக்கு வர்றவங்க சாமானை வாங்கிட்டுப் போகாம நிக்கிறாங்க. நான் என்ன பண்றது?" என்று சலித்துக்கொண்டே, மருமகளைப் பார்த்து, பாதியில் நிறுத்தின பாட்டை முடித்துவிடும்படி சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

அன்னபூரணி பிடிலை எடுத்துக்கொண்டு என்னருகே வந்தாள். "மாமா, அத்தைகிட்ட பேசிப் பெட்டியைத் திருப்பி வாங்கிக் குடுத்துறாதீங்க" என்றாள், மெல்ல. அவள் முகத்தில் அத்தனை சிரிப்பை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. வாங்கித் தரமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். என் வாழ்நாளில் இதைவிட நல்ல பெட்டி செய்ததில்லை. அதில் பிடில் இருந்திருந்தால் இந்நேரம் எலிக்குப் பயப்படாமல் பரணில் இருந்திருக்கும். இதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது.

ஸ்டேஷனில் பிள்ளை எழுந்து நின்றுகொண்டிருந்தார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டுச் சேலை என்றதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆணி என்றதும் நிமிர்ந்தார். பரணைப் பற்றியும் எலியைப் பற்றியும் சொல்லி முடித்தபோது, குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அப்ப வாசிக்கிறாளா?"

"வாசிக்கிறாங்க, பிள்ளைவாள்."

"தெருவுக்குக் கேக்குதா?"

"முக்கு திரும்புறதுக்குள்ளேயே எனக்குக் கேட்டுது."

துறைமுகத்துக்குப் போகிற வண்டி வந்து நின்றது. நான் ஏறிக்கொண்டேன். எதிர்ப்பக்கம் கோலாலம்பூர் வண்டியும் தயாராக நின்றது. பிள்ளை அதன் பக்கம் போகவில்லை. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டேஷனின் வெளிவாசலைப் பார்த்து நடந்தார். மறுவீட்டு அழைப்பு வந்துவிட்டதா என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"வீட்டுக்குத்தானே அழைக்கணும், ராவுத்தரே" என்றார் திரும்பாமலே. "தெரு சர்க்கார் தெரு."

மழை தூற ஆரம்பித்திருந்தது. அவர் குடையை விரித்துக்கொண்டு, கடைத்தெருப் பக்கம் திரும்புவதை வண்டி நகரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.